செருப்பு ஸ்டாண்டில் ஓர் ஆமை

"ஏட்டி ஃபெபி, அந்த ஆமைச் சனியனைக் கொண்டு போகாதேன்னு எத்தனை தடவை சொல்லுதது?"

கேட்டாளா? செருப்பு ஸ்டாண்டில் இருந்த சீட்டு டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கிட்டா.

அது அங்கேதான் இருக்கணும்னு சொன்னது நான். வீட்டுக்குள்ள ஆமை வரப்படாது. சீட்டில் அச்சடிச்ச ஆமைன்னா மட்டும் என்ன, ஆமை ஆமைதான். கிட்வாய் நகரில் எங்க பக்கத்து குவார்ட்டர்ஸ் பஞ்சாபிக்காரி, பித்தளை ஆமையைத் தண்ணியில் வச்சு அதிர்ஷ்டம்ங்கா. வச்சுக்கிடட்டும். நாங்க சர்ச்சுக்குப் போறவங்கதான், ஆனா திருநெல்வேலிக்காரங்க.

இன்னைக்கு லாஜ்பத் நகரில் ஒரு கடை மாடியில் ஜோடிப் போட்டி. என் மகன் கிளமெண்டும் அவன் தங்கச்சி ஃபெபியும் ஒரு ஜோடி. ஆளுக்கு அறுபது சீட்டு, ஆளுக்கு ஓர் எதிராளி. அந்தக் கட்டுக்கு டெக்குன்னு பேரு. அவன் கையில் டிராகன் டெக். டில்லி பூரா இப்ப அதைத்தான் ஆடுதாங்களாம். நாலே அடியில் ஆட்டம் முடிஞ்சிரும். இவளோட ஆமை டெக் அடிக்கவே அடிக்காது. அடி வாங்கிக்கிட்டே கெடக்கும்.

எனக்குப் பயம் இருக்காதா? மூணாவது தடவையும் ஐ.ஏ.எஸ். பரீட்சையில் தவறி, ஆறு மாசமா சுவரைப் பார்த்துப் படுத்துக் கெடந்த பிள்ளை கிளமெண்ட். ஃபெபிதான் எப்படியோ தாஜா பண்ணி இந்த ஆட்டத்துக்கு இழுத்தா. அது வரைக்கும் சரி. இதிலேயும் தோத்தா மறுபடியும் போய்ப் படுத்துக்கிடுவானே! அதான் நானும் கூடக் கிளம்பினேன்.

மெட்ரோவில் மறுபடியும் கேட்டேன்.

"அண்ணன் மாதிரி நீயும் டிராகன் ஆடினா என்னட்டி?"

"ஊரே ஆடுததை நான் ஆட மாட்டேம்மா. அலுத்துப் போச்சு."

"அண்ணனுக்காகக் கூடவா?"

"யாருக்காகவும் மாட்டேன். என் டெக், என் இஷ்டம்."

திமிர்! ஆஸ்பத்திரியில் நர்சா சேர்ந்ததிலிருந்தே இந்தத் திமிர்தான்.

"விடுங்கம்மா, அவ ஆமை அவளுக்கு" என்று கிளமெண்ட் சிரிச்சான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கிட்டேன்.

கடையில் அவ டப்பாவைத் திறந்ததும் எதிரே உட்கார்ந்தவன், "அரே, கச்சுவா!" என்று கத்தினான். இந்தியில் ஆமைக்கு அதான் பேரு. மாடி பூராச் சிரிப்பு. எனக்கு உடம்பே கூசிப் போச்சு.

அவ நிமிர்ந்து பார்த்தா. "ஹான், கச்சுவா. மாரோ."

ஆமா, ஆமைதான், அடிச்சுப் பாருன்னு சொல்லுதா! கொழுப்பைப் பாருங்க.

ரவுண்டு ரவுண்டா கிளமெண்ட் அடிச்சுத் தள்ளினான். இவ இழுத்து இழுத்து டிரா பண்ணினா. அப்படியே ஃபைனலுக்கு வந்துட்டாங்க.

ஃபைனலில் பத்தே நிமிஷத்தில் கிளமெண்ட் ஜெயிச்சுட்டான். இனி ஃபெபி தோக்காம இருந்தாலே கப் எங்களுக்கு. எதிராளி அடிக்கான், அடிக்கான், ஆமை அசைய மாட்டேங்கு. நாற்பது நிமிஷம்! ஆமைக்காக ஜெபம் பண்ணினவ உலகத்திலேயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

மணி அடிச்சிட்டு. டிரா.

கிளமெண்டை நாலு பேர் தூக்கிக்கிட்டு ஆடினாங்க. நான் அழுதுட்டேன். அழுத கையோட ஃபெபியையும் ஒரு பிடி பிடிச்சேன்.

"உங்க அண்ணன் இல்லேன்னா உன் ஆமை என்ன ஆயிருக்கும்? அவனைப் பார்த்துப் படிச்சுக்கோ."

"சரிம்மா" என்று சீட்டை அடுக்கிட்டு, கை கழுவப் போயிட்டா.

போட்டி நடத்துத மது பக்கத்தில் வந்தா. மோதி பாக் தமிழ்ப் பொண்ணு. பாதித் தமிழ், பாதி இந்தி.

"ஆன்ட்டி, ஃபெபி ஏன் டிராகனை விட்டா? எனக்கு சமஜ் ஆகலை, புரியவே இல்லை. போன வருஷம் அதை வச்சு இங்க மூணு கப் ஜெயிச்சாளே!"

மூணு கப்பா? சமையல்கட்டில் நான் கரண்டி போட்டு வச்சிருக்கேனே, அந்த மூணுமா?

"அப்ப இன்னைக்கும் அவ டிராகனே ஆடியிருக்கலாமே, மது?"

"நஹீன் ஆன்ட்டி, முடியாது. ஒருத்தர் டெக்ல இருக்கற கார்டு ஜோடியோட டெக்ல இருக்கக் கூடாது. ரூல். டிராகன் ஒருத்தருக்குத்தான். கிளமெண்ட் அண்ணா ஆடினாரே, அது ஃபெபியோட டெக்தான்."

ஃபெபி கை கழுவப் போன பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அங்கே கிளமெண்ட் கப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "என் தங்கச்சிக்கு டிராகன் அலுத்துப் போச்சாம்! நல்ல வேளை!" என்று இந்தியில் எல்லார்கிட்டேயும் சொல்லிக்கிட்டிருந்தான். அப்பதான் ஃபெபி திரும்பி வந்தா.

"ஆமா, அலுத்துத்தான் போச்சு" என்றா, முகத்தில் ஒண்ணுமே காட்டாம.

வீட்டு வாசலில், எப்பவும் போலக் குனிஞ்சு டப்பாவைச் செருப்பு ஸ்டாண்டில் வைக்கப் போனா.

"ஏட்டி" என்றேன். "அந்த ஆமையை உள்ள கொண்டு வா."