மேப்பிள் தெருவுக்குத் தார்

மின்னசோட்டாவில் எங்கள் சிற்றூர் மன்றக் கூட்டத்தின் முன்வரிசையில் மேப்பிள் தெருக்காரர்கள், கதவோரம் மூலை வீட்டு ஆர்வில், மேசையில் எழுத்தராக நான். தார்ச் சாலை போட்டால் செலவு வீட்டுக்காரர்கள் தலையில்.

“போடுங்கப்பா! கஞ்சப் பிசினாறிகளா, எத்தனை நாள் குழியில குதிப்பீங்க?” என்றார் ஆர்வில்.

“உனக்கென்னய்யா, உன் வாசல் அடுத்த தெருவுல. ஒரு டாலர் தரமாட்டே!” என்றார் எதிர்வீட்டு பெரித்.

“அதனாலதான் தைரியமாப் பேசுறேன்!”

பெரித் என்னிடம் வந்து ஏதோ கேட்டார், சொன்னேன். திரும்பிப் போய் எல்லோரிடமும் கிசுகிசுத்தார். அத்தனை கைகளும் சாலைக்கு ஆதரவாக உயர்ந்தன. ஆர்வில் கைதட்டினார்.

மறுநாள் ஆர்விலுக்கு எழுதினேன்: “கட்டணத்துக்கு வாசல் கணக்கில்லை, தெருவை ஒட்டிய மனையின் நீளமே கணக்கு. மேப்பிள் தெருவின் ஒரு பக்கம் முழுக்கத் தங்கள் மனையின் பக்கவாட்டுதான். ஆகவே பாதிச் செலவு தங்களுடையது.”

உறையின் பசையை நக்கி ஒட்டினேன்; இனித்தது. தபாலில் போட்டேன்.