உண்மையா என்னும் கட்டம்

இந்த வாரம் பதினேழு பேர் பார்த்திருந்தார்கள். மகனின் வரன் விவரத்துக்குக் கீழே இருந்த அந்த எண்ணை இன்னொரு முறை பார்த்துவிட்டு, திருமூர்த்தி கைபேசியைச் சட்டைப் பையில் வைத்தார். நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

கொடுமுடியிலிருந்து முதல் பஸ் பிடித்து, நகரத்தில் கணபதி பகுதியில் இருக்கும் இந்தக் கல்யாணச் செயலி அலுவலகத்துக்கு வந்திருந்தார். மகன் மனோஜ்குமாருக்கு முப்பத்தொன்பது வயது, ஒரே பிள்ளை. செயலியில் பதிந்து மூன்று வருடம் ஆகிறது. முன்பு மாதத்துக்கு ஒரு போனாவது வரும். தை பிறந்ததிலிருந்து அதுவும் நின்றுபோயிற்று. இப்போது ஆவணி முகூர்த்தங்களும் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

பார்க்கிறவர்கள் இத்தனை பேர் இருந்தும் கூப்பிடுகிறவர் ஒருவரும் இல்லையே, ஏன் என்று கேட்கத்தான் வந்தார். ஆனால் மகனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று முன்பின் தெரியாத இடத்தில் வாய்விட்டுச் சொல்வதா? கம்பெனிக்காரர்கள் வேறொரு வேலைக்காகப் பெரியவர்கள் சிலரை அழைத்திருந்தது நல்ல சாக்காக அமைந்தது.

அந்த வேலையை விளக்கியவள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பூஜிதா. வாடிக்கையாளர்கள் இன்ன வசதி வேண்டும் என்று கேட்பதை ஏஐ ஏஜென்ட் ஒன்று படிக்கும். அந்த வசதி யாருக்கு, எதற்கு, எப்படி இயங்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு வரைவு எழுதித் தரும்.

அதற்குப் பூஜிதா புதிதாக ஓர் அறிவுறுத்தல் எழுதியிருந்தாள். கேட்டவர் சொன்னதை மட்டும் எழுது, இல்லாத ஆளைக் கற்பனை செய்யாதே என்பது அதன் சாரம். பழைய கோரிக்கைகளைப் பேரும் ஊரும் நீக்கிக் கொடுத்து, ஏஜென்ட் சொன்னபடி கேட்கிறதா என்று சோதிக்கிறார்கள். பெரியவர்கள் மதிப்பெண் போட வேண்டும்.

"உங்களாட்டம் நாலு குடும்பம் பாத்தவங்க சொன்னாத்தானுங்கய்யா எங்களுக்குத் தெரியும்" என்றாள். அது அவருக்குப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு வரைவுக்கும் மூன்று கட்டங்கள்: தெளிவா, தேவையா, உண்மையா. பங்காளி முறையாகும் ஒரே கூட்டத்து வரன்களை முதலிலேயே விலக்கிவிடும் வசதிக்குத் தயங்காமல் பத்துப் போட்டார். தோட்டம் எத்தனை ஏக்கர் என்று கேட்கும் வரைவில் கிணற்றைப் பற்றிப் பேச்சே இல்லை என்று இரண்டு குறைத்தார்.

"தண்ணியில்லாத அஞ்சு ஏக்கராவும் ஒரு தோட்டமுங்களா அம்மணி? மத்தபடி உங்க மெசினு கெட்டிதான். பொண்ணு பாக்கப் போறப்ப இதையும் ஒரு கார்ல ஏத்திக்கலாமாட்ட இருக்குது."

பூஜிதா சிரித்தாள். இன்னும் இரண்டு தாள் முடிந்ததும் பேச்சோடு பேச்சாகத் தன் விஷயத்தைக் கேட்டுவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார்.

ஆறாவது தாளில் பேனா நின்றது. வரன் விவரத்தை நீக்கிக்கொண்ட ஒருவருக்கான வசதி அது. நீக்கிய பிறகு வேறு எவருக்கும் அது தெரியக் கூடாது. தகப்பனாரின் கைபேசியில் மட்டும் எல்லாம் எப்போதும்போல இருக்க வேண்டும். தகப்பனாருக்குச் சந்தேகமே வரக் கூடாது.

"இது புளுகுங்க" என்றார் திருமூர்த்தி. "நம்ம பக்கத்துல எந்தப் பொண்ணு பெத்தவங்களை இப்படி ஏமாத்தும்? எவனோடயோ ஓடறதுக்கு வழி பண்றாப்பல இருக்குது. உங்க மெசினு சினிமாப் பாத்துட்டு எழுதிப்போட்டுதா?"

பூஜிதாவின் முகம் வாடியது. உண்மையா என்னும் கட்டத்தில் ஒரு சைபர் விழுந்தாலும் அவளுடைய அறிவுறுத்தல் தள்ளுபடியாகிவிடும்.

"பொண்ணில்லீங்கய்யா, பையன். போன்ல நாந்தான் பேசுனேன். இனிமே தனக்கு அமையாதுன்னு அவரு முடிவுக்கு வந்துட்டாரு. அவங்கப்பா ஊருக்குள்ள நிமுந்து நடக்கறது மட்டும் நின்னுறக் கூடாதுன்னாருங்க."

பையன் என்றதும் அவருக்கு ஆத்திரம் கூடியது. நல்ல குடும்பத்தில் பிறந்தவன் அப்பனுக்குத் தெரியாமல் இப்படி ஒரு காரியம் செய்வானா என்று கேட்டார். தம் மகனையே உதாரணம் சொன்னார். இந்த வயதிலும் ஒரு சட்டை எடுப்பதானால்கூட அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுக்க மாட்டான். அதுதான் வளர்ப்பு என்றார்.

பூஜிதா அந்தப் பையனின் பேரைச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது என்றாள். அப்படியானால் அப்படி ஒரு ஆளே கிடையாது என்று திருமூர்த்தி மூன்றாவது கட்டத்தில் பெரிதாக ஒரு சைபர் போட்டார். கீழே கையெழுத்தும் இட்டார்.

"ஒருத்தன் நெசமாலுமே கேட்டிருந்தான்னா நீங்க அதைச் செஞ்சு குடுத்திருக்கோணுமல்ல அம்மணி. எங்கீங்க அது?"

பூஜிதா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பொங்கல் முடிஞ்சதுமே செஞ்சு குடுத்துட்டோமுங்க."