தாயின் பெயர்

ஏழு தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்த ஜெர்மன்காரர் ஒருவர் தன் வம்சத்தின் மூதாதை என்பதைத் தரங்கம்பாடி தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் கண்டுபிடித்த அன்று, எஸ்தர்ராணி தெருவெல்லாம் கேக் கொடுத்தாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பெருமையாகத் தானே சொல்லி எழுதவைத்தாள்.

இப்போது அந்தக் கணக்கை வைத்துத்தான் வந்தேறி வம்சத்தாரைப் பொறுக்கி முகாமுக்கு வண்டியேற்றுகிறார்கள்.

"புள்ளைக்கும் அதே வம்சம்தானேம்மா?" என்றார் வாசலில் நின்ற அதிகாரி.

"இல்ல சார். அவ எங்க வீட்டுக்காரரோட மூத்த தாரத்துப் பொண்ணு."

அப்படியொரு தாரம் இருந்ததே இல்லை. அதிகாரி அவளை ஒருகணம் பார்த்துவிட்டு, பட்டியலில் குழந்தைக்கு எதிரே இருந்த தாயின் பெயரைக் கோடுபோட்டு அடித்தார்.

"அம்மா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது குழந்தை.

"சித்தின்னு கூப்பிடு தங்கம்," என்றாள் எஸ்தர்ராணி.