ஒருவருக்குத்தான் பாஸ்

"கமலி, பச்சைப் புடவையில வந்திருக்கே! உட்காரேன்."

மயக்கம் தெளிந்த நாகேஷ் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தான். அவன் மனைவி விஜிக்குச் சுருக்கென்றது.

"கிட்னிக் கல்லெடுக்க அஞ்சு மணி நேரக் கீஹோல் ஆபரேஷன்மா," என்றார் டாக்டர் அனன்யா. "உள்ளே கழுவுற தண்ணி ரத்தத்துல கலந்து சோடியம் இறங்கிடுச்சு. அதான் உளர்றார். இன்னும் இறங்கினா உயிருக்கே ஆபத்து. மருந்து ஏத்தறோம்."

விஜி அவன் கையைப் பற்றிக்கொண்டாள். "அவகூட எவ்வளவு வேணா பேசுங்க. அவகூடப் போயிடாதீங்க. ஜோகுபாளையம் வீட்டுக்குத் திரும்பணும் நாம."

மாலையில் சோடியம் ஏறியது.

"விஜி, சாப்பிட்டியா?"

விஜிக்கு உயிர் வந்தது. "காலையிலேர்ந்து ஒரே கமலி புராணம்தான்!"

"கமலியா?" அவன் திகைத்தான். "பச்சைப் புடவை கட்டி அவளை அடக்கம் பண்ணி எட்டு வருஷம் ஆச்சே!"

விஜிக்குத் தெரியாதா? அதன் பிறகுதானே அவள் இரண்டாம் தாரமாக வந்தாள்.

ஷிப்ட் மாறி வந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "மேடம், ஒரு பேஷண்டுக்கு ஒரு பாஸ்தான். ரெண்டு பேர்ல ஒருத்தர் வெளியே போங்க."

"ரெண்டு பேரா?"

"நீங்களும், அந்தப் பச்சைப் புடவை மேடமும்."

விஜி மெல்லத் திரும்பி, காலி நாற்காலியைக் கும்பிட்டாள்.

"பார்த்தாச்சு இல்லையா அக்கா? தனியாவே போங்க."