ஐம்பத்திரண்டு மெகாபைட்

புக்கிட் பெருவாங் வீட்டு ஹாலில் நாற்பது பேர் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் கோடு நகர்ந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

சந்திராதேவி இறந்து அன்று முப்பத்தோராம் நாள்.

இந்த மலாய் ஊரில் குடியேறிய மற்ற யாழ்ப்பாணத்து வீடுகளில், இறந்தவரைப் புகழ்ந்து கல்வெட்டு என்று ஒரு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்க எட்டு மாதமே இருக்கையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கனகரட்ணம் காகிதத்தோடு நிற்கிற ஆளில்லை. கணினியிலிருந்து மனைவி சந்திராதேவியே பேசுவாள் என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்.

பேச வேண்டிய பதினொரு பக்கத்தையும் அவரே எழுதினார். பெரும்பாலும் அவரைப் பற்றித்தான்.

சாவதற்கு மூன்று வாரம் முன் அவளை மைக் முன்னால் உட்காரவைத்து, வெளிச்சத்தம் விழாமல் கதவைச் சாத்திவிட்டு, வராந்தாவில் நின்றார். பிறகு கேட்டுப் பார்த்தாரா? இல்லை. பதிவான ஃபைல் ஐம்பத்திரண்டு மெகாபைட் இருந்தது. அதற்குமேல் என்ன வேண்டும்?

கணினியில் இருந்த பழைய லினக்ஸில் பேசினால் மதிப்பாயிராது என்று நேற்றுத்தான் புதுப் பதிப்பை ஏற்றினார். அதிலிருந்து ஊமை.

"சவுண்ட் கார்ட் செத்துப் போச்சோ?" என்றார் மெதுவாக. சமையலறையில் வடை ஆறிக்கொண்டிருந்தது.

மனைவியின் தம்பி கேசவன் கீபோர்டை இழுத்துக்கொண்டான். "சாகேல்லை அத்தான். சத்தம் கூட்டிக் குறைக்கிற மிக்சர் சீரோவில கிடக்கு. அப்டேட் செய்தா எல்லாத்தையும் ஊமையாக்கிப் போடும்லா."

ஒலியளவை உச்சிக்கு ஏற்றினான். சோதனை மணி கணீரென்று அடித்தது. கனகரட்ணம் எழுந்து சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

ஸ்பீக்கரில் மின்விசிறி சுற்றியது. 'வாசியும்' என்றது அவர் குரல். பிறகு கதவு சாத்தும் சத்தம்.

நாற்பது பேரும் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு தாள் புரண்டது.

மூச்சு. இன்னொரு தாள்.

கனகரட்ணம் கேசவனைப் பார்த்தார். கேசவன் கையை விரித்தான். அளவை இனி ஏற்ற இடமில்லை.

பதினொரு தாளையும் அவள் அவசரமில்லாமல் புரட்டினாள். ஒரு சொல் இல்லை. நிறுத்தச் சொல்ல அவர் வாயெடுத்தார். இத்தனை பேர் முன்னால் எதை நிறுத்தச் சொல்வது?

கடைசியில், ஸ்பீக்கருக்குள் கதவு திறந்தது. 'முழுக்க வாசிச்சு முடிச்சீரோ?' என்று அவர் குரலே கேட்டது.

அன்று அவள் வாய் திறக்கவில்லை. ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள். நாற்பத்தொரு வருடமாக அவருக்குக் கிடைத்த பதில் அதுதான், நன்றாக நினைவிருந்தது.

ஸ்பீக்கரிலிருந்து, பக்கத்தில் நின்று சொல்வதுபோல், அவள் குரலில் பதில் வந்தது.

'இல்லை.'