கண்ணுசாமியின் சிரிப்பு

குஜிலியம்பாறை டூரிங் டாக்கீஸில் அந்த வாரம் பெரிய படத்துக்கு முன்னால் ஒரு பொம்மைப் படம் ஓட்டினார்கள். அதில் பேச்சே கிடையாது. வெள்ளைக்காரச் சங்கீதத்துக்கு ஏற்ப ஒரு கரடி பிடில் வாசிக்கும், வாத்துகள் ஆடும்.

தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த கண்ணுசாமி கொட்டகை அதிரச் சிரித்தார். மேனேஜர் வந்து இரண்டு முறை அதட்டியும் சிரிப்பு நிற்கவில்லை.

மேனேஜர் கண்ணுசாமியின் பக்கத்தில் இருந்த ஒச்சாயியிடம் குனிந்தார். "ஏம்மா, உம் புருசனா? சங்கீதம் ஒருத்தரு காதுலயும் விழல. மெதுவாச் சிரிக்கச் சொல்லு. இல்லாட்டி ரெண்டு பேரும் வெளிய போங்க."

"சொல்ல மாட்டேன். வெளியவும் போக மாட்டோம்."

"அம்புட்டுத் திமிரா?"

"திமிருதான். பேசுற படம்னா எல்லாரும் சிரிச்சு முடிச்ச பெறகு, நான் கைச்சாடையில சொல்லித்தான் இவரு சிரிப்பாரு. இன்னைக்குத்தான் ஊரோட சேந்து சிரிக்கிறாரு. பொறந்ததுல இருந்து காது கேக்காத மனுசனுக்கு, தன் சிரிப்பு எம்புட்டுச் சத்தம்னு எப்படித் தெரியும்?"

மேனேஜர் வந்த வழியே போனார்.

ஒச்சாயி திரையின் பக்கம் திரும்பி, புருஷனைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.