சுவீடன் அம்மா

மகள் இங்கிலீஷில் கேட்டாள். கம்பவுண்டர் ராயப்பராஜ் அதைத் தமிழில் சொன்னார். தாய் தமிழில் பதில் சொன்னார். ராயப்பராஜ் அதை இங்கிலீஷாக்கி மகளிடம் திருப்பிக் கொடுத்தார்.

திண்டுக்கல் பேகம்பூர் பிரசவ ஆஸ்பத்திரியின் முன்னறையில் மத்தியானத்திலிருந்து இந்தக் கூத்துதான்.

இரண்டு பேரும் வெள்ளைக்காரிகள். ஒரே மூக்கு, ஒரே நெற்றி. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க ராயப்பராஜுக்கே வெட்கமாக இருந்தது.

வேறு வழியில்லை. நர்ஸ் இல்மா அம்மாவின் இங்கிலீஷ் மருந்துப் புட்டி படிக்கிற அளவோடு சரி. மகளுக்குப் பின்லாந்து பாஷை மறந்துவிட்டது. மகள் பேசும் சுவீடன் பாஷை தனக்குத் தெரியாது என்று அம்மா இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சொல்லிவருகிறார்.

அப்படிச் சொல்வதிலேயே ஒரு ரோஷம் இருக்கும்.

கொடைக்கானலிலிருந்து சுவீடன் பாதிரிமார் இறங்கி வந்தாலும் ராயப்பராஜை வைத்துத்தான் பேசுவார். பிரசவத்துக்கு வந்த ஜெய்தூன் பீவி ஒரு தடவை வாய் தவறி ‘சுவீடன் அம்மா’ என்று கூப்பிட்டுவிட்டாள். பின்லாந்து என்று திருத்திச் சொன்ன பிறகுதான் அவளுக்கு ஊசியே போட்டார்.

“அறுநூறு வருசம் எங்கள ஆண்டாக. ரஷ்யாக்காரன் எங்க வீட்டுக்குத் தீ வச்சப்ப கம்பளி குடுத்தாக ராயப்பா, தண்ணி ஊத்த வரல” என்பார். கேட்கிறவர்களுக்கு அது ஏதோ பங்காளிச் சண்டை மாதிரி இருக்கும்.

அந்தத் தீயில்தான் மகளைத் தொலைத்தார். உலகப்போரில் குண்டு விழுந்த நாட்களில், கழுத்தில் பேர் அட்டை மாட்டி, போரில் சேராத சுவீடனுக்குப் பிள்ளைகளை அனுப்பி வைத்தார்கள். நாலு வயதில் போன காய்சா போர் முடிந்தும் திரும்பவில்லை. இப்போது காரின் என்ற பெயரோடு, ஒரு சுவீடன் வீட்டில் வளர்ந்து, எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

“ஒரு வார்த்தையாவது ஞாபகம் இருக்கும்ல, ராயப்பா? பெத்தவ பாஷை எங்க போயிரும்?” என்று காலையில் கேட்டிருந்தார் அம்மா. வெள்ளைக் கவுனை இரண்டு தடவை இஸ்திரி போட்டிருந்தார்.

மகள் படியேறியதும் பின்லாந்து பாஷையில் என்னவோ சொன்னார். அவள் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள். மறுபடியும் சொன்னார், குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாக. அப்போதும் தலையைத்தான் ஆட்டினாள்.

பொழுது சாய்ந்தது. அன்று டிசம்பர் ஆறு. பின்லாந்து விடுதலை பெற்ற நாள். வருஷா வருஷம் செய்வது போல அம்மா எழுந்து ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார். ஏற்றிவிட்டு மகளின் முகத்தையே பார்த்தார்.

காரினுக்கு முகம் மலர்ந்தது. லூசியா பண்டிகைக்கா என்று கேட்டாள். சுவீடனில் அவள் அம்மாவும் இந்த மாதம் இப்படித்தான் ஏற்றுவாளாம்.

‘அவள் அம்மா’ என்பதை ராயப்பராஜ் விழுங்கிவிட்டார். “சுவீடன் பண்டிகைக்கான்னு கேக்குதும்மா.”

இல்மா அம்மா தீப்பெட்டியை மெல்ல மூடினார்.

“ஆமான்னு சொல்லிரு.”

ஸ்டேஷனுக்குப் போக ஜட்கா வாசலில் வந்து நின்றது.

காரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல் பக்கம் திரும்பி, யாருக்கும் இல்லாமல், சுவீடன் பாஷையில் என்னவோ சொன்னாள். பாதியில் குரல் உடைந்தது. ராயப்பராஜுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்க வாயெடுத்தார்.

அதற்குள் இல்மா அம்மா தமிழில் பேசினார்.

“தேடி வந்தேன் தாயி. ரெண்டு தடவ வந்தேன். நீ அந்தப் பொம்பள பாவாடைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு அவளத்தான் அம்மான்ன. நான் கூப்பிட்டது உனக்குப் புரியல. அவுக பாஷையில பெத்த பிள்ளையக் கூப்பிட எனக்கு நாக்கு எழல.”

ராயப்பராஜ் இன்னும் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

காரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அம்மா என்ன சொன்னார் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

சொன்னால் அதோடு இன்னொன்றும் தெரிந்துவிடும். மத்தியானம் முழுக்க நேருக்கு நேர் பேசியிருக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

ராயப்பராஜ் அம்மாவைப் பார்த்தார். வேண்டாம் என்று தலை லேசாக அசைந்தது. அவ்வளவு பெரிய மனுஷி அப்படிக் கெஞ்சி அவர் பார்த்ததில்லை.

காரின் பக்கம் திரும்பினார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, பத்திரமாகப் போய் வா என்கிறார்கள் என்றார்.

காரின், வேறென்ன வரப்போகிறது என்பது போல ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் படியிறங்கினாள்.

ஜட்கா பள்ளிவாசல் முனையில் திரும்பியது. குதிரையின் சலங்கைச் சத்தமும் தேய்ந்து நின்றது.

இல்மா அம்மா மகள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார். தடங்கலே இல்லாமல், அழுதுகொண்டே, அவள் பேசிய அதே சுவீடன் பாஷையில் பேசிக்கொண்டே இருந்தார்.

திண்டுக்கல்லில் அது புரிகிற ஒரே ஆள் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.